நாய் சாப்பிடும் இடத்துக்கு ஒரு தடுப்புக் கதவு: 8 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

நான் இங்கே மதிப்பிடப் போகும் பொருள் நாய்களுக்கென்று விற்கப்படுவது அன்று. தவழ்கிற குழந்தை மாடிப்படியில் ஏறிவிடாமலும் அடுக்களைக்குள் புகுந்துவிடாமலும் இருப்பதற்காக வாசல் நிலையில் முட்டுக்கொடுத்துப் பொருத்துகிற இரும்புக் கம்பிக் கதவு அது. கடையில் பேபி கேட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 3,199 ரூபாய்க்கு வாங்கி 8 மாதங்கள் ஆகின்றன. எங்கள் வீட்டு நாய் சாப்பிடும்போது யாராவது நெருங்கினால் உறுமும்; அந்த நேரத்தில் வீட்டில் உள்ளவர்கள் அதன் பக்கம் போய்விடக் கூடாது என்பதற்காக இதை வாங்கினோம். இதற்கு முன்பு அதே சிக்கலைத் தீர்க்க 6,000 ரூபாய் கொடுத்து ஒரு பயிற்சியாளரை அமர்த்தினோம். பிறகு நாயை மெதுவாகச் சாப்பிட வைக்கும் ஸ்லோ ஃபீடர் கிண்ணம் ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கினோம். அவை இரண்டும் எப்படிப் போயின என்பதைச் சொல்லாமல் இந்தக் கதவின் அருமையைச் சொல்ல முடியாது என்பதால் மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன். நிறுவனங்களின் பெயரைக் குறிப்பிடவில்லை. கதவைப் பொறுத்தவரை, இந்த விலையில் சந்தையில் கிடைப்பவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்புடையவை என்பதால் பெயர் தெரியாததால் வாசகருக்கு இழப்பு ஒன்றும் இல்லை.

நாயின் பெயர் செவலை. நிறமே பெயராகிவிட்ட நாட்டு நாய், பெட்டை, வயது 4, எடை 18 கிலோ. இரண்டு மாதக் குட்டியாக இருந்தபோது தெருமுனைச் சாக்கடைப் பாலத்தின் அடியிலிருந்து என் தம்பி தூக்கி வந்தான். வந்த நாளிலிருந்தே சாப்பாட்டில் அதற்கு ஓர் அவசரம் உண்டு. நான்கைந்து குட்டிகளோடு முட்டிமோதித் தின்று வளர்ந்ததால் அப்படி என்று நாங்களே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டோம்; ஆனால் காசு கொடுத்து வாங்கிய, பட்டினி என்பதையே அறியாத நாய்களிலும் இந்தக் குணம் தாராளமாகக் காணப்படுகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். கிடைத்த உணவை மற்றவர் பறித்துவிடாமல் காத்துக்கொள்வது நாய்க்கு இயல்பான நடத்தைதான். அது எந்த அளவுக்குப் போகிறது என்பதும், அதை நாம் எப்படித் தூண்டிவிடுகிறோம் என்பதுமே சிக்கல்.

சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்குத் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அவனுடைய மகளுக்கு அப்போது 4 வயது. செவலை பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் போய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு, அது சாப்பிடுவதை வேடிக்கை பார்த்தாள். முதலில் செவலை சாப்பிடும் வேகம் கூடியது. பிறகு வாயைக் கிண்ணத்திலிருந்து எடுக்காமலேயே மெல்லுவதை நிறுத்தியது. தலை தாழ்ந்தபடியே இருக்க, தோள்பட்டை விறைத்து, கண் மட்டும் பக்கவாட்டில் திரும்பி, விழியின் வெள்ளை பிறைபோலத் தெரிந்தது. அதன் பிறகுதான் உறுமல் வந்தது. உறுமலைக் கேட்ட பிறகே நான் ஓடினேன். அதற்கு முந்தைய மூன்று அறிகுறிகளும் என் கண்ணெதிரே நடந்தும் எனக்கு அவற்றைப் படிக்கத் தெரியவில்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாதான் கொதித்துப்போனார். “சோறு போடுற வீட்டுப் பிள்ளையைப் பார்த்தே உறுமுதா?” என்று அவர் கேட்க, அப்பா துடைப்பத்தை ஓங்கி அதட்ட, செவலை கிண்ணத்தை விட்டு ஒதுங்கிப்போய்ச் சுவரோரம் நின்றது.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. இலையில் உட்கார்ந்தவரை என்ன அவசரமானாலும் பாதியில் எழுப்ப மாட்டார்கள். வாசலில் ஆள் வந்து நின்றாலும் ‘சாப்பிடுகிறார், இருங்கள்’ என்றுதான் பதில் போகும். தாத்தா காலத்திலிருந்து வருகிற அந்த வழக்கத்தை அப்பா இன்றும் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கிறார். அதே மரியாதை பின்கட்டில் சாப்பிடுகிற ஒரு நாலுகால் உயிருக்கும் பொருந்தும் என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோன்றாததால்தான் பயிற்சியாளரைத் தேடினோம். வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் சேவை; 4 வகுப்புகளுக்கு 6,000 ரூபாய். நேரம் தவறாமல் வந்தார், பேச்சில் தெளிவு இருந்தது, நாய்க்கு அவர் அஞ்சவில்லை. இந்த மூன்றையும் மறுக்க மாட்டேன். ஆனால் அவர் செய்த வைத்தியம் முழுவதும் ஒரே எண்ணத்தின் மீது நின்றது: வீட்டில் யார் தலைவர் என்பதை நாய்க்குக் காட்டிவிட வேண்டும். செவலை சாப்பிடும்போது கிண்ணத்துக்குள் கையை விட்டுப் பிசைந்தார். பாதியில் கிண்ணத்தைப் பிடுங்கி, சற்று நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உறுமினால் கழுத்துப் பட்டையை இழுத்து அழுத்தினார். மூன்றாம் வகுப்பில் செவலை உறுமுவதை நிறுத்திவிட்டது. நாங்கள் மகிழ்ந்துபோனோம், பணமும் முழுதாகக் கொடுத்தோம்.

வகுப்புகள் முடிந்த ஐந்தாம் நாள் காலையில், பின்கட்டில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுப்பதற்காக அப்பா செவலையின் முதுகுப்பக்கமாகக் கைநீட்டினார். உறுமல் இல்லை, பல்லைக் காட்டவும் இல்லை. திரும்பிய வேகத்திலேயே மணிக்கட்டில் வாய் வைத்துவிட்டது. தோல் சிராய்த்தது, இரத்தம் வரவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். செவலைக்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு வருகிறோம் என்றாலும் மருத்துவர் இதில் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது என்று சொல்லி, அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று 4 முறை வரவழைத்து ஊசி போட்டார். சிறிய சிராய்ப்புதானே என்று யாரும் வீட்டோடு இருந்துவிட வேண்டாம். ஊசி இலவசம், வெறிநோய் வந்த பிறகு மருந்து கிடையாது.

அந்தப் பயிற்சியாளர் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. அவர் கற்ற கொள்கை அப்படி: ஓநாய்க் கூட்டத்தை ஒரு தலைவன் அடக்கி ஆள்வதுபோல, ஓநாயின் இனமான நாயையும் மனிதர் அடக்கி ஆள வேண்டும் என்பது. ‘தலைவன் ஓநாய்’ என்ற கருத்தின் தொடக்கத்தை விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷென்கெல் 1947இல் எழுதிய ஆய்வில் காணலாம். அவர் கவனித்தவை அடைப்பில் வைக்கப்பட்டிருந்த ஓநாய்கள். அந்தக் கருத்தைப் பிற்காலத்தில் பரவலாக்கியவர்களுள் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் வாழும் ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் நேரில் பார்த்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தகப்பனும் பிள்ளைகளும் கொண்ட குடும்பமே, தலைமைக்கான ஓயாத சண்டை அங்கே இல்லை என்று 1999இல் எழுதித் தம் பழைய சொல்லையே திருத்திக்கொண்டார். ஆனாலும் ஊர் ஊராகப் பயிற்சி வகுப்புகளில் அந்தப் பழைய பாடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கிண்ணத்தில் கைவிட்டுப் பழக்க வேண்டும் என்று எனக்கு அறிவுரை சொன்ன அக்கம்பக்கத்தாரை மட்டும் எண்ணினால் ஒரு கையின் விரல்கள் போதாது.

எங்கள் வழக்கமான கால்நடை மருத்துவரிடம் செவலையைக் கொண்டுபோனோம். அவர் முதலில் வாயைத் திறந்து பல்லையும் ஈறையும் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், இடுப்பு மூட்டை அசைத்துப் பார்த்தார். வலி இருக்கும் நாய் சாப்பாட்டு நேரத்தில் எரிந்து விழும் என்பதால் அதை முதலில் விலக்கிவிட வேண்டும் என்றார். வலி எதுவும் இல்லை. பிறகு அவர் சொன்னதுதான் எனக்குத் தைத்தது. உறுமல் என்பது நாய் உங்களுக்குத் தருகிற எச்சரிக்கை; அதற்கு அடி கொடுத்தால் நாய் எச்சரிப்பதை விட்டுவிடும், அச்சத்தை விடாது, அடுத்த முறை நேரே கடிக்கு வரும் என்றார். நாங்கள் 6,000 ரூபாய் கொடுத்து வாங்கியது அதைத்தான்.

பிறகு வீட்டுக்கு வந்து தேடிப் படித்தவற்றில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். கனடாவில் உள்ள குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் கருத்தாய்வு நடத்தி 2018இல் வெளியிட்ட முடிவின்படி, சாப்பிடும்போது கிண்ணத்தை எடுத்துப் பழக்கப்பட்ட வீடுகளில் உணவைக் காக்கும் சீற்றம் கூடுதலாகவும், சாப்பாட்டின் நடுவே சுவையான துண்டு ஒன்றைக் கூடுதலாகப் போடும் வீடுகளில் குறைவாகவும் காணப்பட்டது. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்றுதான் இத்தகைய ஆய்வு சொல்ல முடியும், எது எதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்த எனக்கு அதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை.

அடுத்து வாங்கியது ஸ்லோ ஃபீடர் கிண்ணம். உள்ளே சுருள்சுருளாகத் தடுப்புச் சுவர்கள் எழுப்பிய பிளாஸ்டிக் கிண்ணம். நாய் நாக்கால் துழாவித் துழாவித்தான் எடுக்க முடியும் என்பதால் விழுங்கும் வேகம் குறையும். அந்த வேலையை அது சரியாகவே செய்தது. 3 நிமிடத்தில் முடிகிற சாப்பாடு 11 நிமிடம் ஆனது. ஆனால் நான் எதிர்பாராதது என்னவென்றால், முன்பு 3 நிமிடம் காவல் காத்த நாய் இப்போது 11 நிமிடம் காவல் காத்தது. உணவு கண்ணுக்குத் தெரிகிறது, வாய்க்கு எட்டவில்லை, பக்கத்தில் ஆள் நடமாட்டமும் இருக்கிறது என்றால் அந்த நாயின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள். தவிர, இந்தக் கிண்ணம் கடையில் விற்கும் உலர்ந்த உருண்டை உணவுக்கு ஏற்றபடி வடிவமைக்கப்பட்டது. நாங்கள் கொடுப்பது கோழி வேகவைத்த நீரில் குழைய வடித்த சோறு. அது சுருள்களின் இடுக்கில் அப்பிக்கொண்டு காய்ந்துபோகும். பழைய பல் துலக்கியைக் கொண்டு ஒவ்வொரு வேளையும் சுரண்ட வேண்டியிருந்தது. அவசரமாக விழுங்கிக் கக்குகிற நாய்க்கு, தனியாக இருந்து சாப்பிட இடமும் உலர் உணவும் இருந்தால், இது நல்ல பொருள். ஆள் வந்தால் சீறுகிற நாய்க்கு இதை மருந்தென்று விற்பது தவறு. என் பொருளின் அட்டைப்பெட்டியில் அப்படித்தான் அச்சிட்டிருந்தார்கள்.

இனிக் கதவுக்கு வருகிறேன்.

அடுக்களைக்கும் பின்கட்டுக்கும் இடையே உள்ள வாசலில் தேக்கு நிலை மட்டும் இருக்கிறது. கதவை அப்பா எப்போதோ கழற்றிப் பரணில் போட்டுவிட்டார், அடுக்களைக்குக் காற்று வரும் வழி அது ஒன்றுதான் என்பதால். அந்த நிலையில் டிரில் போட்டு ஆணி அடிக்க அம்மா ஒருநாளும் சம்மதிக்க மாட்டார். ஆகவே துளையிடாமல் இருபுறமும் முட்டுக்கொடுத்து நிற்கிற வகையைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டியில் 75 முதல் 85 சென்டிமீட்டர் வரை பொருந்தும் என்று போட்டிருந்தது. நான் நடுவில் மட்டும் அளந்து 84 என்று எழுதிக்கொண்டு வாங்கிவிட்டேன். பழைய வீட்டு நிலை மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருக்கும் என்பதை யோசிக்கவில்லை. கீழே 85.5 இருந்தது. திருகுதண்டுகளை முழுதும் வெளியே இழுத்தும் பிடிப்புப் போதாமல், 7 சென்டிமீட்டர் நீட்டிப்புச் சட்டம் ஒன்றை 600 ரூபாய்க்குத் தனியாக வாங்க நேர்ந்தது. மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் அளந்த பிறகு வாங்குங்கள்.

பெட்டியைப் பிரித்துச் சட்டத்தை நிமிர்த்தியவுடன் எனக்கு நெஞ்சு பக்கென்றது. தாழ்ப்பாள் போய் விழ வேண்டிய இடத்துக்கும் கதவுக்கும் நடுவே இரண்டு விரல் கடை இடைவெளி. கதவு எதிலும் மாட்டாமல் தொங்கியது. கோணலான சரக்கை அனுப்பிவிட்டார்கள் என்று முடிவு செய்து திருப்பி அனுப்பும் பக்கத்தையே திறந்துவிட்டேன். பிறகு செயல்முறைத் தாளைப் படித்தபோதுதான், இந்த இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டது, நிலையில் வைத்து நான்கு மூலைத் திருகுகளையும் முறுக்க முறுக்கச் சட்டம் வளைந்து இடைவெளி மூடும் என்று இருந்தது. அப்படியே நடந்தது. வாங்கியவர்களில் பலர் இதே இடைவெளியைக் கண்டு குறை எழுதியிருப்பதைப் பார்த்தேன். தாளை முதலில் படிக்கச் சொல்லிப் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம். பொருத்துவதற்கு அரை மணி நேரம் ஆனது. நிலையின் பாலிஷ் கெட்டுவிடாமல் ரப்பர்க் குமிழ்களின் அடியில் சைக்கிள் டியூப் துண்டுகளை வெட்டி வைத்தேன். இன்றுவரை தேக்கில் ஒரு தடம்கூட இல்லை.

கதவைப் போட்டுவிட்டதாலேயே எல்லாம் சரியாகிவிடவில்லை. கம்பிகளுக்கு இடையில் அடுக்களையில் நடப்பது அத்தனையும் தெரியும் என்பதால், முதல் இரண்டு நாளும் செவலை கம்பிக்கு அப்பால் போகும் கால்களைப் பார்த்துப் பார்த்து விறைத்துக்கொண்டுதான் தின்றது. அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை மடித்துக் கம்பிகளின் மேல் கட்டித் திரை போட்டேன். கிண்ணத்தையும் கதவோரத்திலிருந்து எடுத்து 8 அடி தள்ளித் துவைகல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதுவும் நாயின் முகம் கதவைப் பார்த்திருக்கும்படி, முதுகுப்பக்கம் யாரும் வர வழியில்லாதபடி. எறும்புக்காகக் கிண்ணத்தைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைப்பது வழக்கம் என்பதால் அதையும் கூடவே நகர்த்த வேண்டியிருந்தது. ஸ்லோ ஃபீடரை எடுத்துவிட்டுப் பழைய எவர்சில்வர் கிண்ணத்துக்கே திரும்பினேன்.

வழக்கம் இப்போது இப்படி. காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும் சோறு. கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவேன். 20 நிமிடத்துக்கு அந்தப் பக்கம் துடைப்பம் எடுக்கவும் குழாய் திறக்கவும் துணி காயப்போடவும் யாரும் போகக் கூடாது. சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தை எடுக்க நான் உள்ளே போவதில்லை, ஏனெனில் காலிக் கிண்ணத்தையும் காக்கிற நாய்கள் உண்டு, செவலை அந்த வகை. கதவைத் திறந்து, பெயர் சொல்லி முன்கட்டுக்கு அழைத்து, கையில் ஒரு துண்டு முட்டை கொடுப்பேன். அது அங்கே இருக்கும்போது அப்பா போய்க் கிண்ணத்தை எடுத்துக் கழுவிவிடுவார். மூன்றாம் வாரத்திலிருந்து மருத்துவர் சொன்னபடி இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன்: சாப்பாட்டின் நடுவே ஒரே ஒரு முறை கதவுவரை போய், உள்ளே நுழையாமல், கம்பிக்கு மேலாக ஒரு கோழித் துண்டை அதன் அருகே எறிந்துவிட்டு நிற்காமல் திரும்பிவிடுவது. ஆள் வருவது பறிப்பதற்கு அன்று, போடுவதற்கு என்பது அதற்குப் புரிய வேண்டும். நாய் விறைக்காத தூரத்திலிருந்து மட்டுமே இதைச் செய்ய வேண்டும். விறைத்தால் அருகே வந்துவிட்டீர்கள் என்று பொருள். குழந்தைகளைக் கொண்டு இதைச் செய்விக்கவே கூடாது.

மாற்றம் எப்போது வந்தது என்பதை என்னால் தேதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆறாவது வாரத்தில் ஒருநாள் இரவு, பாதிச் சோறு கிண்ணத்தில் இருக்கும்போதே செவலை தலையை நிமிர்த்தி, நடந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு, நிதானமாகத் திரும்பி வந்து மீதியைச் சாப்பிட்டது. நான்கு ஆண்டில் அது கிண்ணத்தை விட்டு ஒரு முழம் நகர்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. சாதாரண எவர்சில்வர் கிண்ணத்தில், எந்தச் சுருளும் இல்லாமல், அன்றைய சாப்பாடு 7 நிமிடம் ஆனது. வேட்டியைப் பத்தாவது வாரத்தில் அவிழ்த்துவிட்டேன். இப்போது நான் கோழித் துண்டோடு கதவருகே போனால் வால் ஆடுகிறது, தோள் தளர்ந்தே இருக்கிறது. உறுமல் முற்றிலும் நின்றுவிட்டதா என்றால், இல்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டிலிருந்து யாரோ மதில்மேலே போட்ட ஆட்டெலும்புக்கு முழுக் குரலில் உறுமியது. உறுமல் திரும்பி வந்ததே எனக்கு நிம்மதியாக இருந்தது. வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும் என்பதால் அப்படியே விடவும் முடியாது. முட்டையைக் காட்டித் தூரத்துக்கு அழைத்துப்போய் அடைத்துவிட்டுத்தான் எலும்பை அப்புறப்படுத்தினோம்.

கதவின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பெரிய குறை, கீழே தரையோடு ஓடுகிற குறுக்குச் சட்டம். ஓர் அங்குல உயரம்தான், ஆனால் அடுக்களைக்கும் பின்கட்டுக்கும் நாளைக்கு நூறு முறை நடக்கிற அம்மாவுக்கு அந்த ஓர் அங்குலம் போதும். முதல் வாரத்திலேயே கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. மஞ்சள் நிற டேப் ஒட்டிய பிறகு இடறுவது குறைந்திருக்கிறது, முற்றிலும் நிற்கவில்லை. வயதானவர்கள் இரவில் நடமாடும் வழியில் இந்த வகையைப் பொருத்த நான் பரிந்துரைக்க மாட்டேன். செலவானாலும் ஆணியடித்துப் பொருத்துகிற, கீழ்ச்சட்டம் இல்லாத வகைதான் அங்கே ஏற்றது. அடுத்து, பின்கட்டு ஈரம் காயாத இடம் என்பதாலும் தினமும் பினாயில் போட்டுக் கழுவுவதாலும் அடிப்பக்கத்து வெள்ளைப் பூச்சு ஐந்தாம் மாதத்திலேயே செதில் செதிலாக உரியத் தொடங்கித் துரு எட்டிப்பார்க்கிறது. தாழ்ப்பாளை ஒரு கையால் பின்னுக்கு இழுத்து, அப்படியே கதவைத் தூக்கித் திறக்க வேண்டும். கையில் சட்டி இருக்கும்போது அது எளிதன்று. தானாகவே சாத்திக்கொள்ளும் வசதி நன்றாக வேலை செய்கிறது என்றாலும் கடைசி அரை அங்குலத்தில் தாழ்ப்பாள் விழாமல் நின்றுவிடுவது உண்டு, கிளிக் என்ற சத்தம் கேட்ட பிறகே நகர வேண்டும்.

உயரம் 76 சென்டிமீட்டர். செவலை நினைத்தால் ஒரே தாவில் தாண்டிவிடும், சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டைநாய் இனங்களை வளர்ப்பவர்கள் வீட்டில் இது வெறும் அலங்காரம். ஆனால் சோறு இருக்கிற பக்கத்தை விட்டு அது தாண்டி ஓடாது என்பதால் எங்கள் நோக்கத்துக்கு உயரம் பொருட்டில்லை. தடுக்கப்பட வேண்டியவள் தம்பி மகள். அவளுக்கு இந்தத் தாழ்ப்பாள் எட்டினாலும் இழுத்துத் தூக்கும் இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்ய இப்போது வராது. இன்னும் ஓராண்டில் வந்துவிடும். சென்ற மாதம் வந்தபோது கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுப் பையனிடம், “செவலை சாப்பிடுது, உள்ளே போகக் கூடாது, அத்தை திட்டும்” என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தாள். காரணம் தவறு, செயல் சரி என்று விட்டுவிட்டேன். அவள் இருக்கும் நாள்களில் கதவை மட்டும் நம்பாமல் பெரியவர் ஒருவர் அடுக்களையில் இருப்பது எங்கள் ஏற்பாடு.

இரண்டு நாய்கள் உள்ள வீட்டுக்கு இந்தக் கம்பிக் கதவு போதாது. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே தின்றால் சீற்றம் குறையாது, இரண்டு அறை வேண்டும். கடித்து இரத்தம் வரவழைத்த நாயோ, படுக்கை, பொம்மை, மனிதர் என்று எல்லாவற்றையும் காக்கிற நாயோ இருந்தால் கதவு வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் போங்கள். தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களும் ஒதுக்கமான இடத்தில் சோறு வைக்கும் இதே யோசனையைக் கைக்கொள்ளலாம். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளே, குடியிருப்புகளில் நாய்களுக்கு உணவு வைக்கும் இடம் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் படிக்கட்டு, நுழைவாயில் போன்ற ஆள் நடமாட்டமுள்ள இடங்களிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. எங்கள் தெருவில் வாசற்படிக்கு நேரே சோற்றைக் கொட்டிவிட்டு, அங்கே நாய் உறுமுகிறது என்று குறைபட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டால், வீட்டில் நாயை 20 நிமிடம் தனியே விடத்தக்க ஓர் அறையும் அதற்கு ஒரு கதவும் இருந்தால் வேண்டாம். அந்தக் கதவைச் சாத்தினால் போதும், செலவு ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு 14 பேர் கூடியபோது நாங்களும் அதைத்தான் செய்தோம்: பின்கட்டையே தவிர்த்து, மாடி அறையில் செவலைக்குச் சோறு வைத்து, மரக்கதவைச் சாத்தித் தாழ்போட்டோம். எங்களைப்போலக் கதவில்லாத நிலையும் காற்றுக்கு வேறு வழியில்லாத அடுக்களையும் உள்ளவர்களுக்கு, நீட்டிப்புச் சட்டத்தோடு சேர்த்து நான் கொடுத்த 3,799 ரூபாய்க்கு இது தகும். 5க்கு 4 நட்சத்திரம் கொடுக்கிறேன்; குறைத்த ஒன்று அம்மாவின் கட்டைவிரலுக்காக. ஸ்லோ ஃபீடருக்கு 2. பயிற்சி வகுப்புக்கு நட்சத்திரம் கொடுக்க மனம் வரவில்லை.